நகப்பூச்சுப் பூசிய துவக்கு

கடைவாய்ப் பல்லின் குத்து காதுவரை ஏறியிருந்தது. அந்தக் குத்தோடுதான் அரியரத்தினம் ஒரு பல் வைத்தியரின் வீட்டுக் கம்பளத்தில் நின்றார். வாயைத் திறக்கப் போகவில்லை. காதைத் திறக்கப் போயிருந்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும்," என்றார் டொக்டர் நமச்சிவாயம், திரும்பிப் பார்க்காமலே.

"கழட்டிப்போட்டுத்தான் நிக்கிறம் டொக்டர். இனிக் காலைத்தான் கழட்டவேணும்," என்றாள் சுதாஜினி.

அரியரத்தினம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். கிழமையில் மூன்று நாள் நகம் அழகுபடுத்தும் கடையில் வேலை, மற்ற நாட்களில் அரியரத்தினத்தின் சாரதி, பிரெஞ்சு பேசும் வாய், துப்பறியும் உதவியாள் எல்லாம் அவள்தான். அரியரத்தினமோ டோர்வல் விமான நிலையத்தில் தொலைந்த பெட்டி தேடித் தேடியே இருபத்தாறு வருடம் முதுகை வளைத்தவர். வேலையை விட்ட பிறகு துப்பறிய உரிமம் எடுத்து, தொலைந்த மனிதரையும் தொலைந்த மானத்தையும் தேடிக்கொண்டிருந்தார்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஆற்றைப் பார்த்த பெரிய கண்ணாடி வீடு. கோப்பி வந்தது. டொக்டருக்குப் பொன் விளிம்பு வைத்த பீங்கான் கோப்பையில். இவர்கள் இரண்டு பேருக்கும் கடதாசிக் கோப்பையில். அலுமாரி முழுக்கப் பீங்கான் அடுக்கியிருந்தது. அரியரத்தினம் அலுமாரியைப் பார்த்தார், கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். வாய்க்குள் கோப்பிக்கு முன்பே ஒரு கசப்பு ஊறியது.

"விசயம் சுருக்கமாச் சொல்லுறன்," என்றார் டொக்டர். "அந்தப் படத்தைப் பாரும்."

சுவரில் டொக்டர் வயிறு நிலத்தில் பட நீட்டிப் படுத்திருந்தார். இடது கையில் ஒரு வார், தோளில் நீளத் துவக்கு, கன்னம் அதன்மேல். கீழே ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. 'கனடிய அணிக்குள் காலடி வைக்கும் முதல் தமிழன்.'

"காலடி எங்கை, வயித்தடியெல்லோ," என்று முணுமுணுத்தாள் சுதாஜினி.

டொக்டருக்கு அது கேட்கவில்லை. அவருக்கு அவருடைய குரல்தான் கேட்கும். குப்புறப் படுத்து, தொளாயிரம் மீட்டருக்கு அப்பால் உள்ள கறுப்பு வட்டத்தைச் சுட வேண்டும். தூரக்கண்ணாடி கிடையாது, இரண்டு வளையத்துக்குள்ளால் பார்க்க வேண்டும். அதற்கான துவக்கைக் கடையில் தூக்கிக்கொண்டு வர முடியாது. தையற்காரன் உடுப்புக்கு அளவெடுப்பதுபோல் கன்னத்து உயரம், தோள் நீளம், கைப்பிடித் தடிப்பு எல்லாம் அளந்து ஒரு ஆளுக்கு ஒன்றாகச் செய்வார்கள். டொக்டரின் துவக்கை லவாலில் கரோன் என்ற கிழவரின் பட்டறையில் செய்தார்கள். மரவேலை முழுக்க அங்கே வேலை செய்யும் ஒரு தமிழனின் கை.

"பேரின்பநாதன். மட்டக்களப்பான்," என்றார் டொக்டர். பெயரைச் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "போன சனிக்கிழமை அவன் சரிபாத்துத் தந்த துவக்கு. ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டி. பதினைஞ்சு சூடு. முப்பத்திநாலு பேரிலை நான் முப்பத்தோராவது. நான்! திங்கக்கிழமை விடியப் பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னாலை பெட்டியைத் திறந்தன். அடியிலை, மரத்தையும் இரும்பையும் இறுக்கிப் பிடிக்கிற ஆணி ஆடுது. விரலாலை திருப்பலாம். அது ஆடினால் குண்டு எங்கை போகும் எண்டு கடவுளுக்கே தெரியாது."

"சனிக்கிழமை அவன் இறுக்கித்தானே தந்தவன்?" என்றார் அரியரத்தினம்.

"தந்தன் எண்டு சொல்லுறான். ஆரோ ஒருத்தன், எனக்கு எதிராப் போட்டி போடுறவன், அவனைப் பிடிச்சுச் செய்விச்சிருக்கிறான். அதை நீர் ஒரு அறிக்கையா எழுதித் தாரும். துவக்கிலை கோளாறு எண்டு காட்டினால் தெரிவுக் குழு எனக்குத் திரும்பவும் ஒரு சுற்று வைக்கும். இண்டைக்கு நாலு மணிக்குக் கரோன் அவனை நிப்பாட்டிற கடிதத்திலை கையெழுத்து வைக்கிறார். அதுக்கு முதல் வேணும்."

அறிக்கை முடிந்துவிட்டது. எழுத ஆள்தான் தேவை.  ஆனாலும் அரியரத்தினம் கேட்டார்.

"சனிக்கும் திங்களுக்கும் இடையிலை வேறை ஆர் கை வைச்சிருக்கலாம்?"

"என்ன கேக்கிறீர்!" டொக்டர் சட்டைக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை இழுத்தார். நுனியில் சிறிய திறப்பு. "சட்டப்படி பூட்டின பெட்டி. திறப்பு ஒண்டே ஒண்டு. குளிக்கேக்கையும் கழட்டேன். கடைசிச் சூடு முடிய, வந்த ஆத்திரத்திலை துவக்கை ஈரச் சேத்திலை போட்டிட்டு எழும்பீட்டன். பேந்து அப்பிடியே பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டினனான். துடைக்கக்கூட இல்லை. சாட்சியை அழிக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியும்."

கடைசியில் ஒரு சின்னக் கொப்பியை எடுத்து மேசையில் எறிந்தார். "இதுவும் சாட்சி. ஒவ்வொரு சூடும் எங்கை பட்டதெண்டு பென்சிலாலை குறிச்சிருக்கு. எப்பிடிச் சிதறியிருக்கெண்டு பாரும். உமக்கு விளங்காது, பரவாயில்லை, அறிக்கையோடை ஒட்டிவிடும்."

எழும்பும்போது டொக்டரின் கண் அரியரத்தினத்தின் வீங்கின கன்னத்தில் நின்றது. "கடைவாய் போலை. அறிக்கையைத் தாரும், நாளைக்கே கதிரையிலை இருத்தி ஒரு சதம் வாங்காமல் திருத்தி விடுறன்."

வெண்பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார். அரியரத்தினத்தின் பல் துடித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்தோ என்னவோ.

சுதாஜினியின் பழைய காரில் எப்போதும் நனைந்த காலுறை மணக்கும். இன்றைக்கு அந்த மணமே அரியரத்தினத்துக்குத் தேவலை என்று பட்டது.

"அண்ணை, எங்களை ஏன் பிடிச்சவர் தெரியுமோ?" என்றாள், நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறியபடி. "ஊரிலை பெரிய பெரிய துப்பறியும் கந்தோரெல்லாம் கிடக்கு. எங்களுக்கு ஒண்டும் விளங்காதெண்டு பிடிச்சவர்."

"தெரியும்."

"தெரிஞ்சே வந்தனீங்கள்?"

"பல்லு வந்தது. நான் பின்னாலை வந்தனான்."

அவள் சிரித்தாள். அவர் கொப்பியை மடியில் விரித்தார். முப்பத்தைந்து வயதில் பென்சில் பிடித்து எழுத்துக் கூட்டப் பழகினவர் அவர். பிரெஞ்சு, ஆங்கில எழுத்தென்றால் இன்றைக்கும் விரல் வைத்து ஊர்ந்துதான் போவார். அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். பக்கத்தின் இடது கரையில் மேலிருந்து கீழாகப் பதினைந்து சின்ன வட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. வலப்பக்கம் ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒன்றிலிருந்து பதினைந்துவரை இலக்கம் போட்ட புள்ளிகள்.

"பட்ட இடத்தைக் குறிக்கிறதெண்டால் ஒரு வட்டம் காணும். எதுக்கு ரெண்டு?"

"ஒண்டு பத்திரிகைக்காரருக்கு."

"கதைக்காதை பிள்ளை. பார், ஆறாவது. சின்ன வட்டத்திலை கீழை இடப்பக்கம். பெரிய வட்டத்திலையும் ஆறு கீழை இடப்பக்கம். ஒன்பது, அதுவும் அப்பிடி. பதினொண்டு நல்லாக் கீழை. இஞ்சையும் கீழை. இரட்டைப் பிள்ளையள் மாதிரிக் கிடக்கு."

"நான் ரோட்டைப் பாக்கட்டோ, பிள்ளையளைப் பாக்கட்டோ?"

அவர் கொப்பியை மூடினார். தொலைந்த பெட்டி தேடின காலத்தில் கண்டறிந்த ஒன்று உண்டு. பெட்டி தொலைத்தவன் நிறத்தைச் சொல்லுவான், பூட்டைச் சொல்லுவான், கேட்காததையும் சொல்லுவான். உள்ளே என்ன வைத்தான் என்பதை மட்டும் சுற்றி வளைப்பான். டொக்டர் சற்று முன் கேட்காததை எவ்வளவு சொன்னார்! திறப்பு, சங்கிலி, சேறு. போட்டியில் சுடும்போது துவக்கு ஆடியதா என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆணி ஆடினதைச் சொன்னார். துவக்கு ஆடினதைச் சொல்லவே இல்லை.

லவாலில், பனி தள்ளும் வண்டிகள் செப்டெம்பர் வெயிலில் சும்மா நிற்கும் ஒரு வளவுக்குப் பின்னால் இருந்தது பட்டறை. வாசலில் கவிழ்த்து வைத்த வாளியில் ஒரு மனிதன் குந்தியிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தான்.

"பேரின்பநாதனோ?"

"ஓம் ஐயா. உளி, சுத்தியல், ஒரு ஆயுதத்தயும் தொடவேணாம் எண்டு முதலாளி சொல்லிட்டாரு. அதான் வெளிய இரிக்கன்."

"கடிதத்திலை கையெழுத்து விழுந்தால் என்ன நடக்கும்?"

"என்ட வேலை அனுமதியில முதலாளிட பேருதான் இரிக்கு. வேற இடத்தில வேலை செய்ய ஏலா. கவலையீனமா வேலை செஞ்சான், ஆபத்து எண்டு எழுதினா இந்தத் தொழில்ல ஒருத்தரும் எடுக்கவும் மாட்டாங்க. நிரந்தர வதிவிடத்துக்குக் குடுத்த பத்திரமும் அவ்வளவுதான்." குரல் தேய்ந்தது. "மகள் கார்டெரியில, பிள்ளைப் பராமரிப்பில, பிரெஞ்சுப் பாட்டுப் படிக்காள். திரும்பிப் போறதெண்டா அவளுக்கு என்னத்தச் சொல்ற?"

"ஆணியை இறுக்கினனீரோ?"

"இறுக்கினன். இறுக்கி முத்திரையும் வெச்சன்."

"என்ன முத்திரை?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "சிவப்பு நகப்பூச்சு. என்ட மனிசி ஜெகதீஸ்வரிட போத்தல். ஆணித் தலையிலயும் பக்கத்து இரும்பிலயும் படுறாப்போல ஒரு சொட்டு. ஆணி அசைஞ்சா பூச்சு வெடிக்கும். கண்ணால பாத்தே கண்டுபிடிக்கலாம்."

சுதாஜினியின் முகம் விரிந்தது. "அண்ணை, இவ்வளவு நாளும் நீங்கள் கேஸ் கேஸாப் பிடிச்சனீங்கள். இண்டைக்குத்தான் என்ரை கேஸ் வந்திருக்கு."

உள்ளே மரத்தூளும் எண்ணெயும் மணத்தன. கரோன் கிழவர் எண்பதை நெருங்கியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தட்டச்சுச் செய்த ஒரு தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சுதாஜினி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர் நீளமாகப் பதில் சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"இவன்ரை கை தனக்குத் தெரியுமாம். ஆனால் எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலையும் ஆணி ஆடினதாம். இது விளையாட்டுச் சாமான் இல்லை, ஆபத்தான சாமான், தான் என்ன செய்யிறதெண்டு கேக்கிறார். நாலு மணிக்கு டொக்டர் வருவாராம். நேரம் மூண்டு பத்து எண்டும் சொல்லுறார், எங்களுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதெண்டு நினைச்சாராக்கும்."

துவக்கு மேசையில் மல்லாந்து கிடந்தது. அரியரத்தினம் ஒரு அடி தள்ளியே நின்றார். இந்தச் சாமானைக் கண்டு நாட்டைவிட்டு ஓடி வந்த சனம், அதையே அளவெடுத்துச் செய்து குப்புறப் படுத்து விளையாடுகிறது. உலகம் போகிற போக்கு. ஆனால் மரத்தைப் பார்த்தபோது அவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாதுமை மரம், தேன் நிறம், பிடி ஒரு மனிதக் கைக்குள் கை வைத்ததுபோல் குழிந்திருந்தது.

அடிப்பாகம் முழுக்கக் காய்ந்த சேறு. அதன் நடுவே சிவப்பாக ஒரு பொட்டு. சுதாஜினி கிழவரின் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அரியரத்தினம் முன்பு கண்டதில்லை.

"அண்ணை, பூச்சு வெடிச்சிருக்கு. தானா உரிஞ்சதில்லை, ஆணியைத் திருப்பினதாலை வந்த வெடிப்பு. நகத்திலை கதவு அடிச்சால் இப்பிடித்தான் வெடிக்கும்."

"அது தெரிஞ்சதுதானே. ஆணி ஆடுது."

"பொறுங்கோவன். பூச்சுக்கு மேலை சேறு காய்ஞ்சு கிடக்கு. வெடிப்பு சேத்தையும் சேர்த்துப் பிளந்திருக்கு. உள்ளுக்கை பாருங்கோ, சிவப்பும் இரும்பும் மினுங்குது. ஒரு துளி சேறு இல்லை." அவள் நிமிர்ந்தாள். "முதல் பூச்சு. அதுக்குமேலை சேறு. வெடிப்பு அதுக்கும் பிறகு. போட்டிக்கு முதலே ஆணி கழண்டிருந்தால் வெடிப்புக்குள்ளை சேறு போயிருக்கும்."

அரியரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சூடு முடிய ஈரச் சேத்திலை போட்டிட்டு எழும்பீட்டன். அதுவரை பூச்சு உடையவில்லை. அதுவரை ஆணி ஆடவில்லை. அதன் பிறகு பூட்டின பெட்டி. திறப்பு ஒண்டே ஒண்டு. குளிக்கேக்கையும் கழட்டேன்.

கசப்பு பல்லிலிருந்து தொண்டைக்கு இறங்கியது.

சுதாஜினி கிழவருக்கு விளக்கினாள். கிழவர் உருப்பெருக்கியால் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நம்பிறார், ஆனால் நம்பேல்லையாம். ஆணி நல்லா இருந்ததெண்டால் அவ்வளவு நல்ல துவக்கு ஏன் சிதறச் சுட்டதெண்டு கேக்கிறார். தான் சோதிச்சுப் பாத்த துவக்காம்."

"இந்தக் கொப்பியைக் குடு. ரெண்டு வட்டம் எதுக்கெண்டு கேள்."

கிழவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு கொப்பியை வாங்கினார். ஒரு விரலால் இடது கரையிலும் மறு விரலால் பெரிய வட்டத்திலும் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக்கொண்டு போனார். ஆறில் நின்றார். ஒன்பதில் நின்றார். பதினைந்துக்கு வந்ததும் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"அதை மொழிபெயர்க்க ஏலாது அண்ணை. கோயில் சாமான் ஒண்டின்ரை பேர். இஞ்சை கோவம் வந்தால் அதைத்தான் சொல்லுவினம்."

கிழவர் எழும்பி நின்று, கையால் காற்றில் படம் போட்டு விளக்கத் தொடங்கினார். சுதாஜினி வசனம் வசனமாக இறக்கினாள். ஒரு சூடு விழுந்ததும், அங்கே குழிக்குள் இருப்பவர்கள் இலக்குப் பலகையைக் கீழே இறக்கி, பட்ட இடத்தில் அடையாளம் வைத்து மறுபடி ஏற்றுவார்கள். அதற்குச் சில விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியில் சுடுகிறவன் சும்மா இருக்க மாட்டான். விசை விழுந்த கணத்தில் தன் கண் எங்கே நின்றது என்று, பலகை ஏறுவதற்கு முன்பே, சின்ன வட்டத்தில் குறிப்பான். முதல் நாளிலிருந்து அடித்துப் பழக்குவது அதைத்தான். பலகை ஏறியதும் உண்மையில் பட்ட இடத்தைப் பெரிய வட்டத்தில் குறிப்பான்.

"துவக்கு பிழையெண்டால்," என்று சுதாஜினி மெல்லச் சொன்னாள், "கண் நடுவிலை எண்டு சொல்லும், குண்டு வேறை எங்கையோ போயிருக்கும். ரெண்டு புள்ளியும் சண்டை பிடிக்கும். இஞ்சை பதினைஞ்சும் ஒத்துப் போகுதாம். கண் இழுபட்ட இடத்துக்குத்தான் குண்டு போயிருக்காம். துவக்கு சொன்ன சொல்லுக் கேட்டிருக்கு. பிழை பிடிச்ச கையிலையாம்."

கிழவர் ஒரு சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தார்.

"ஊருக்குப் பொய் சொன்னவர்," என்றார் அரியரத்தினம். "பத்திரிகைக்குச் சொன்னவர். எங்களுக்கும் சொன்னவர். கொப்பிக்குச் சொல்ல மறந்து போனார். பழகின கை தானா எழுதியிருக்கு."

"அதைத் தானே கொண்டுவந்து எங்கடை கையிலையும் தந்தவர். ஒட்டிவிடும் எண்டும் சொன்னவர்."

"எழுத்து வாசிக்கத் தெரியாதவன் புள்ளியைப் பாப்பான் எண்டு அவருக்குத் தெரியாது."

சரியாக நாலு மணிக்கு நமச்சிவாயம் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனைத் திரவியம். வாசலில் வாளியிலிருந்தவன் எழும்பி வழிவிட்டதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எழுதியாச்சோ?" என்றார் அரியரத்தினத்திடம்.

"நீங்களே எழுதியிருக்கிறியள் டொக்டர். பதினைஞ்சு வரி."

கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. ஒவ்வொரு சோடிப் புள்ளிக்கும் கிழவர் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். நமச்சிவாயம் அதைப் பார்த்தார். விளங்க அவருக்கு ஒரு விநாடிதான் பிடித்தது. அந்த விளையாட்டைத் தெரிந்தவர் அல்லவா.

"அது பேந்து வீட்டிலை இருந்து நிரப்பினது."

"வீட்டிலை ஆறுதலா இருந்து, உங்களுக்கு எதிராவே பதினைஞ்சு புள்ளி வைச்சியளோ?" என்றாள் சுதாஜினி. "நல்ல மனசு டொக்டர் உங்களுக்கு."

"இவள் ஆர் என்னோடை கதைக்க?"

"நகப்பூச்சு வாசிக்கிறவள்," என்றார் அரியரத்தினம். "சேத்துக்கு மேலாலை வெடிச்சிருக்கு டொக்டர். கடைசிச் சூட்டுக்குப் பிறகு, திறப்புக் கழுத்திலை கிடக்கிற ஒராள்தான் அந்த ஆணியைத் திருப்பியிருக்கலாம். அந்தத் திறப்பை எங்களுக்குக் காட்டினதும் நீங்கள்தான்."

நமச்சிவாயத்தின் கை சட்டைக் கழுத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, கிழவருக்கு விளங்காத தமிழில், சொந்தக்காரன்போல் நெருங்கி வந்தார்.

"அரியரத்தினம், நாங்கள் ஒரு ஊர் ஆக்கள். ஒரு மட்டக்களப்புப் பொடியனுக்காக வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்னைத் தாழ்த்தப் போறீரோ? அவனுக்கு நான் வேறை ஏதும் பாத்துச் செய்யிறன். உம்மடை பல்லை இண்டைக்கே..."

நல்ல வாசனைத் திரவியம். அரியரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனிதன் தோற்கலாம். முப்பத்தோராவதாக வரலாம், முப்பத்திநாலாவதாகவும் வரலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, தன் தோல்வியை ஒரு ஆணித் தலையில் திருப்பிவிட்டு, அதை ஒரு கூலிக்காரனின் கழுத்தில் மாட்டி, அவனுடைய பிள்ளையின் பாட்டையும் சேர்த்து நிறுத்துவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும்? இருபத்தாறு வருடத்தில் அழுகிய மீன் பெட்டியும் திறந்திருக்கிறார். இந்த நாற்றம் பட்டதில்லை.

"தள்ளி நில்லுங்கோ டொக்டர்," என்றார். "பல்லு வலிக்குது."

கிழவர் அதற்குள் கடிதத்தை நாலாகக் கிழித்துத் தூள் கூடைக்குள் போட்டுவிட்டார். தெரிவுக் குழுவுக்குத் தானே தொலைபேசி எடுக்கப்போவதாகச் சொன்னார். பிறகு வாசற்பக்கம் திரும்பிப் பேரின்பநாதனைக் கைகாட்டி அழைத்து, ஏதோ கேட்டார். குரலில் கோபத்தைவிட வெட்கம் கூடியிருந்தது.

"என்ன கேக்கிறார்?"

"அளவெடுத்தவன் நீ. டொக்டரின்ரை கை எப்பிடியெண்டு உனக்குத் தெரியாமல் இருக்காது. ஏன் வாயைத் திறக்கேல்லை எண்டு கேக்கிறார்."

பேரின்பநாதன் நமச்சிவாயத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வேலைக்குச் சேந்த அண்டைக்கு முதலாளிதான் சொன்னாரு. வாடிக்கைக்காரன் அளவு குடுக்க இந்த நிலத்தில படுத்து எழும்பினா, அவன்ட உடம்பில கண்டத வாசலுக்கு வெளிய கொண்டுபோகாத எண்டு. நோயாளிட விசயத்த வைத்தியர் வெளிய சொல்லாத மாதிரி எண்டு."

"என்ன கண்டனீ?" என்றாள் சுதாஜினி.

"அத இப்பவும் சொல்ல மாட்டன் அக்கா."

அரியரத்தினம் துவக்கின் பிடியைப் பார்த்தார். மற்றத் துவக்குகள் நாலைந்து சுவரில் சாய்ந்திருந்தன. இதன் பிடி மட்டும் அவற்றைவிட விரற்கடை தடிப்பு. பதறுகிற கை பிடித்தால் நடுக்கம் அடங்கட்டும் என்று ஒரு மனிதன் இருந்து இருந்து செதுக்கிய தடிப்பு. நமச்சிவாயமும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வெண்பற்கள் இப்போது தெரியவில்லை.

"என்ரை துவக்கைத் தாருங்கோ. நான் போறன்," என்று கையை நீட்டினார்.

"ஏலா ஐயா," என்றான் பேரின்பநாதன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆணி ஆடுது. ஆடுற சாமான் இந்த வாசலால வெளிய போகாது."

கிழவரைப் பார்த்தான். கிழவர் தலையசைத்தார். பேரின்பநாதன் நாலு நாளைக்குப் பிறகு தன் ஆயுதப் பெட்டியைத் திறந்தான். சேற்றைத் துடைத்தான். பழைய பூச்சைச் சுரண்டினான். ஆணியை இறுக்கினான், காதைச் சாய்த்து, ஏதோ கேட்பதுபோல இறுக்கினான். காற்சட்டைப் பையிலிருந்து மனைவியின் சின்னப் போத்தலை எடுத்து, ஒரு சொட்டுச் சிவப்பு வைத்து, வாயால் ஊதினான். நமச்சிவாயத்தின் கை மறுபடி நீண்டது.

"தொட்டிடாதேங்கோ டொக்டர்," என்றாள் சுதாஜினி. "காயப் பத்து நிமிசம் வேணும். இந்தக் கலர் கொஞ்சம் கூடப் பிடிக்கும்."

உட்காரச் சொல்ல யாரும் இல்லை. அவர் மரத்தூளுக்குள் நின்றார். பேரின்பநாதன் மூலையிலிருந்த குழாயில் பீங்கான் கோப்பைகளைக் கழுவி, குடுவையிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினான். கிழவருக்கு ஒன்று, சுதாஜினிக்கு ஒன்று, அரியரத்தினத்துக்கு ஒன்று. நாலாவதைத் துணியால் துடைத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி, டொக்டருக்கும் நீட்டினான். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை.

அதை அரியரத்தினத்தால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கோப்பையோடு வெளியே வந்து, பனி தள்ளும் வண்டிக்குப் பக்கத்தில் காறித் துப்பினார். கசப்புப் போகவில்லை. நல்ல பக்கத்து வாயால் தேத்தண்ணீரை உறிஞ்சினார். சுதாஜினி பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, உங்கடை பல்லு?"

"இருக்கட்டும்."

"எத்தினை நாளைக்கு?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நமச்சிவாயம் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் விளிம்பில் ஆடி ஆடி வெள்ளைச் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தது.

"பூச்சுக் காய இன்னும் எத்தினை நிமிசம் கிடக்கு?" என்று கேட்டார் அரியரத்தினம்.

"ஏழு."

"வாகனத்தை எடுக்காதை. நிண்டு பாத்திட்டுப் போவம்."